பெட்டிக்குள் பெட்டி, காம்பராவுக்குள் காம்பரா

ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். மாற்றும்போது ஒன்றும் தொலைந்துபோகவில்லை என்று சத்தியம் செய்வதும் அதே தொழிலில் அடக்கம். முதல் பாதியைக் கணினி செய்கிறது. இரண்டாம் பாதியை நாங்கள் சாமியை வேண்டிக்கொண்டு செய்கிறோம்.

இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. நீங்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். எக்ஸ்.எம்.எல். என்பது பெட்டிக்குள் பெட்டி வைத்த ஆவணம். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: தோட்டம், லயம், குடும்பம், ஆள், பெயர். ஓர் அலுவலகம் அடுக்கிய பெட்டிகளைப் பிரித்து, இன்னோர் அலுவலகம் விரும்புகிற மாதிரி அடுக்கிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் அலுவலகம் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் நகரத்தில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடி. மூன்று பேர். நான், என்னைவிட இரண்டு வருடம் அனுபவம் கூடிய ஷிஹானா, எங்கள் இருவருக்கும் மேலே, நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுகிற மேலதிகாரி. நான் கெம்பஸ் முடித்து இங்கே வந்தபோது ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்றார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை போனால் எனக்கு வேலை போவதோடு முடியாது. லயத்தின் அடுத்த காம்பராக்களில், அதாவது அடுத்த அறை வீடுகளில், உயர்தர ஏ.எல். படிக்கிற பிள்ளைகளுக்கு "கௌரி அக்காவப் பாரு" என்று காட்டுகிற உதாரணமும் போய்விடும். அந்தப் பயத்தோடுதான் தினமும் பஸ் ஏறுகிறேன்.

சல்லடை

அண்ணன் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கிற பகுதியில் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "அங்க என்னதான் செய்யிற?" என்று கேட்டார். நான் தயாராக வைத்திருந்த உவமையை எடுத்துவிட்டேன். நாங்கள் எழுதுகிற கணினி மொழியில் ஒரே பெரிய நிரல், அதாவது புரோகிராம், கிடையாது. ஃபங்ஷன் என்கிற சின்னச் சின்னச் சார்புகள்தான். ஒன்று குடும்பத்தை மட்டும் எடுக்கும், இன்னொன்று அதிலிருந்து பெயரை மட்டும் எடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு சல்லடை. அந்தச் சல்லடைகளை ஒன்றோடொன்று மாட்டுகிற கொக்கிகளுக்குத்தான் காம்பினேட்டர் என்று பெயர். ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டலாம், பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம், 'இதில் ஒன்றும் விழாவிட்டால் அதில் போடு' என்றும் மாட்டலாம்.

அண்ணன் ஒழுங்காகக் கேட்டார். பிறகு, அவர்களுடைய சல்லடையில் விழாததைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டு, நிறுத்து எழுதிவைப்பார்கள் என்றும், என்னுடையதில் விழாதது எங்கே போகிறது என்றும் கேட்டார். எங்கேயும் போகாது, வெற்றுப் பட்டியல் வரும், நிரல் சத்தம் போடாமல் மேலே போய்விடும், அதுதான் இந்த முறையின் அழகு என்றேன். இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையை அடைத்துக் கட்டிய அவர்களுடைய சமையல் குசினியிலிருந்து அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் சிரிக்கவில்லை.

"அப்ப அதுக்குப் பேரு சல்லடை இல்ல தங்கச்சி, ஓட்ட."

அரைப் பேர்

நாங்கள் ஏன் ஹாஸ்கல் மொழியில் எழுதுகிறோம் என்பதற்கு ஒரு தத்துவக் காரணமும் கிடையாது. எப்போதோ ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் அதைக் கேட்டார். சேர் ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் போய்விட்டார், மொழி மட்டும் தங்கிவிட்டது. சேருக்கு அதில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும்.

என் முதல் வாரத்தின் முடிவில் அவர் என் திரையைப் பார்த்து மேலிருந்து கீழே விரலால் எண்ணினார். நாற்பது வரி. இதற்கு முன்பு இருந்தவர் வேறு மொழியில் இதே வேலைக்குத் தொள்ளாயிரம் வரி எழுதினாராம். சின்னச் சல்லடைகளை மாட்டினால் வரி குறையும், குறைவது நல்லது, அந்தத் தொள்ளாயிரத்தின் வேலையை இந்த நாற்பது செய்யும் என்று நான் விளக்க விளக்க என் குரல் எனக்கே பொய் சொல்வது போலக் கேட்டது. எங்கள் ஊரில் அன்றைக்கு எடுக்கவேண்டிய தேயிலைக் கொழுந்தின் எடை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போடுவார்கள். அம்மா எத்தனையோ நாள் அரைப் பேரோடு வந்து கூடையை இறக்கியிருக்கிறார். தோட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். தராசு என்னோடு பஸ் ஏறி வந்திருக்கிறது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பரிவோடு சொன்னார்:

"பரவாயில்ல கௌரி, புதுசுதானே. அடுத்த கிழமை கொஞ்சம் கூட எழுதப் பாருங்க."

லோவர் டிவிஷன் மாத்தயா

அதன் பிறகு வந்ததுதான் அந்தப் பெரிய வேலை. தோட்டங்களில் புது வீடு கட்டிக் கொடுக்கிற ஒரு திட்டம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் கிளாக்கர்மார் குடும்ப விவரங்களைப் பதிந்து அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்து, நுவரெலியாவில் இருக்கிற அதிகாரி கேட்கிற வடிவத்தில் ஒரு பட்டியலாக மாற்றவேண்டும். குடும்பத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு வீடு. அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி, சிரிக்கத் தெரிந்தவர்.

அவர்கள் வடிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். எங்கள் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். எனவே 'குடும்பப் பெயரை எடு. இல்லாவிட்டால் அப்பா பெயரை எடு. அதுவும் இல்லாவிட்டால் மேலே இருக்கிற பெட்டியில் கிடைக்கிற முதல் பெயரை எடு' என்று மூன்று சல்லடையை மாட்டினேன். கிளாக்கர்மார் அப்பா பெயரைத் தனிக் கட்டத்தில் எழுதாமல் பெயரோடு சேர்த்தே எழுதியிருந்தார்கள். முதல் சல்லடை காலி, இரண்டாவதும் காலி. மேல் பெட்டியில் கிடைத்த முதல் பெயர் தோட்டப் பிரிவின் பெயர்: லோவர் டிவிஷன், எல்லாருக்கும் அதுவே குடும்பப் பெயர். மாதிரிப் பட்டியல் நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் மிஸ் போன் எடுத்தார். சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் சொல்கிறேன் (நங்கி என்றால் தங்கச்சி, மாத்தயா என்றால் ஐயா):

"நங்கி, இந்த லோவர் டிவிஷன் மாத்தயாவுக்கு எத்தனை சம்சாரம்? தோட்டமே அவர் பிள்ளைகள்தானா?"

எந்த ஊர் லயம்

அந்த வெட்கத்தில், இனி எதையும் சோதிக்காமல் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தேன். கிளாக்கர்மார் அனுப்பிய கோப்புகள் மலை மாதிரி இருந்தன. கண்ணால் வாசிக்க முடியாது. எனவே சோதனைக்கு ஒரு சின்னக் கோப்பை நானே எழுதினேன். ஒரு லயம், ஆறு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நிரலை ஓட்டினேன். ஆறு குடும்பம் உள்ளே போனது, ஆறு வரி வெளியே வந்தது. பிழைச் செய்தி இல்லை.

இதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் துணுக்குகளை எழுதி என்ன பயன்? எங்கள் காம்பராவில் அப்பா, அம்மா, நான். நடுவில் ஒரு பலகைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். ஒரு கூரை, ஒரு வாசல், இரண்டு அடுப்பு. எங்கள் லயத்தில் பாதிக் காம்பரா இப்படித்தான். அதை ஒபிஸ் கணினியில் தட்டச்சு செய்யும்போது ஷிஹானா எட்டிப் பார்ப்பாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் தட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, படத்தில் வருகிற மாதிரி ஒரு லயம் கட்டினேன். ஷிஹானா எட்டித்தான் பார்த்தாள்.

"இது எந்த ஊரு லயம் கௌரி? நானும் உம்மாவக் கூட்டிக்கிட்டு வந்து குடியேறலாம் போல இருக்கே."

பத்திரிகை வைக்காத குற்றம்

பட்டியல் போனது. மிஸ் கையெழுத்து வைத்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் அது தோட்டம் தோட்டமாக ஒட்டப்பட்டது. எங்கள் தோட்டத்தில் பெரட்டுக் களத்தில், ஆட்கள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்திலேயே ஒட்டியிருந்தார்கள். பெயர் விடுபட்டவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் நுவரெலியா அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்லவேண்டும், அதற்குப் பிறகு பட்டியல் முடிந்த முடிவு என்று கீழே எழுதியிருந்தது.

அப்பாவின் பெயர் இருந்தது. அண்ணனின் பெயர் இல்லை. எங்கள் ஒரு லயத்திலேயே தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஏழு குடும்பங்கள் இல்லை. எங்கள் கிளாக்கர் ஐயாவைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணால் பார்த்ததை அப்படியே பதிந்திருந்தார்: அப்பாவின் குடும்பம் என்ற பெட்டி, அதற்குள்ளே அண்ணனின் குடும்பம் என்ற பெட்டி. நான் மாட்டிய கொக்கிக்கு 'டீப்' என்று பெயர். ஆழம் என்று அர்த்தம். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது ஆழமாகத்தான் தேடும். ஆனால் ஒரு குடும்பம் கிடைத்தவுடன் நின்றுவிடும், அந்தக் குடும்பத்துக்குள்ளே இன்னொரு குடும்பம் இருக்குமா என்று திறந்து பார்க்காது. என் சோதனைக் கோப்பில் ஓர் உட்குடும்பமாவது இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான்தான் தட்டிகளை எடுத்துவிட்டேனே.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்து தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அது திட்டுவதைவிட மோசம். லயத்து ஆட்கள் "சொந்த அண்ணனையே வெட்டிட்டா" என்று பேசிக்கொள்வதாக அம்மா மெதுவாகச் சொன்னார். அண்ணிதான் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"கல்யாணம் கட்டி ஒம்போது வருசம், ரெண்டு புள்ள. ஒங்க கம்பியூட்டருக்கு மட்டும் நாங்க பத்திரிக வைக்கலியோ?"

இப்போது யாருடைய பிழை

செவ்வாய் காலை, எட்டரைக்கே சேரின் அறைக் கதவைத் தட்டினேன். பிழை என்னுடையது, திருத்த ஒரு நாள் போதும், அதிகாரிக்கு இன்றைக்கே சொல்லிவிடலாம் என்றேன். குறிப்பெழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டேன். சேர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எரர் ஏதும் வந்ததா?" என்றார். வரவில்லை என்றேன். "மிஸ் கேட்டாங்களா?" கேட்கவில்லை. "தோட்டத்துல இருந்து யாராவது கடிதம் குடுத்தாங்களா?" எங்கள் ஆட்கள் நாலு நாளில் கடிதம் எழுதி, அதைச் சிங்களத்தில் மாற்றி, ஒரு நாள் பேரை விட்டுவிட்டு நுவரெலியாவுக்கு எடுத்துக்கொண்டு போவது எப்படி என்று நான் விளக்க ஆரம்பித்தேன். சேர் கையை உயர்த்தினார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பாடம் நடத்துகிற பொறுமையோடு சொன்னார்:

"அவங்க பார்த்து, கையெழுத்துப் போட்டு எடுத்துட்டாங்க கௌரி. இப்ப அது அவங்கட பிழை."

நல்ல செய்தி

புதன்கிழமை மத்தியானம் இரும்புக் கடைக்குப் பின்னால், தகரம் வெட்டுகிற சத்தத்துக்கு நடுவில் நின்று மிஸ்ஸுக்கு நானே போன் எடுத்தேன். என் சிங்களம் நல்ல நாளிலேயே நொண்டும். காம்பரா, தட்டி, உள்ளே ஒரு குடும்பம், அதற்கு வெளியே ஒரு குடும்பம் என்று நான் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார். 

பிறகு, போன தடவை எடுத்த கணக்கைவிட இந்தத் தடவை குடும்பங்கள் குறைந்திருப்பதை அவரும் கவனித்தாராம். கேட்க நினைத்தாராம். ஆனால் மேலிடத்துக் கூட்டத்தில் எல்லாரும் பாராட்டினார்களாம், சரியான தொழில்நுட்பம் வந்தவுடன் உண்மையான எண்ணிக்கை தெரிந்துவிட்டது, இவ்வளவு காலமும் தோட்டத்து ஆட்கள் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று. எங்கள் சின்ன நிரலுக்கு அங்கே கை தட்டியிருக்கிறார்கள். கடைசியாக மிஸ் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"நாளைக்குள்ள சரியானத அனுப்பு நங்கி. குறைஞ்சபோது ஒருத்தரும் ஏன்னு கேக்கல்ல. கூடினா எல்லாரும் கேப்பாங்க, அத நான் பாத்துக்கிறேன்."

ஒன்றுக்கு இரண்டு

திருத்தம் ஒரே சொல். 'டீப்' என்ற கொக்கியைக் கழற்றிவிட்டு 'மல்ட்டி' என்ற கொக்கியை மாட்டவேண்டும். அது ஒரு குடும்பம் கிடைத்தாலும் நிற்காது, அதற்குள்ளேயும் திறந்து பார்க்கும். இந்த முறை சோதனைக் கோப்பில் எங்கள் காம்பராவை, தட்டியோடு, இரண்டு அடுப்போடு, ஏழு பேரின் பெயரோடு அப்படியே எழுதினேன். ஷிஹானா எட்டிப் பார்த்தாள். அவளுடைய பிளேன்டீக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

உட்குடும்பம் வந்துவிட்டது. ஆனால் ஆட்களை எடுக்கிற சல்லடை அப்பாவின் பெட்டிக்குள்ளும் கடைசிவரை போய்த் துழாவியதால், அண்ணன் அப்பாவின் பிள்ளையாக ஒரு தடவை, தனிக் குடும்பத் தலைவராக இன்னொரு தடவை என்று இரண்டு இடத்தில் நின்றார். அண்ணியும் பிள்ளைகளும்கூட இரட்டை. உங்களுக்குத் தெரியும்தானே, நம் தொழிலில் ஒரு பிழையைத் துரத்தினால் அது தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வரும். பெயர்களைச் சரிபார்க்க அண்ணனுக்குப் போன் எடுத்து, வந்ததை வாசித்துக் காட்டினேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு இது:

"முந்தாநாளு ஆளே இல்ல, இன்னைக்கு ரெண்டு பேரா? சம்பளத்துக்கும் இப்பிடி ரெண்டு பேரு போடச் சொல்லு தங்கச்சி."

கடைசிப் பக்கம்

ஆட்களை எடுக்கிற சல்லடையை உட்குடும்பத்தின் வாசலோடு நிறுத்திவைத்த பிறகு, வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சரியான பட்டியல் போனது. அதன் கடைசியில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தேன். எந்தச் சல்லடையிலும் விழாத ஒவ்வொரு பெட்டியும் அந்தப் பக்கத்தில் வந்து நிற்கும்: பெயர் இல்லாதவை, சீட்டு மாறியவை, வடிவத்துக்குள் அடங்காதவை. அண்ணன் சொன்ன சாக்கு அதுதான். எதையும் சத்தமில்லாமல் தொலைக்கக் கூடாது என்பதற்காக எழுதினேன். அதுதான் அந்த நிரலிலேயே நீளமான பகுதி. சேர் எண்ணிப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மேலதிகாரியைத் தாண்டி வாடிக்கையாளரோடு தொடர்புகொண்டமைக்காகத் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. அதே வாரம் சேர் கொழும்பில் இரண்டு நிறுவனங்களுக்கு அந்தக் கடைசிப் பக்கத்தை எங்கள் புதிய சேவை என்று காட்டிவிட்டு வந்தார். 'முழுமை உறுதிப் பக்கம்' என்று பெயர் வைத்து, இனி எல்லா வேலையோடும் அது நிரந்தரமாகப் போகும் என்று சுவரில் ஒட்டினார். ஷிஹானா கடிதத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ். ஒன்ட பிழைக்கு வேல நிரந்தரமாயிட்டு, ஒனக்குத்தான் இல்ல."

வீடு

திருத்திய பட்டியலைப் பெரட்டுக் களத்தில் ஒட்டிய அன்று அண்ணி என்னை வம்படியாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டச் சொன்னார். அண்ணனின் பெயர், ஒரு தடவை மட்டும். ஏழு குடும்பமும் இருந்தன. பக்கத்துக் காம்பரா ஆட்கள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை பாராட்டு வரும் என்று நின்றுகொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணி மலைச்சரிவில் திட்டத்துக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பார்த்தார். அங்கே நாலு முளைக்குச்சியும் மானாப் புல்லும் இருந்தன. பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, நாங்க பெட்டிக்குள்ள வந்துட்டோம். வீடு எந்தப் பெட்டியில இருக்கு?"

நிரல் ஒருநாளும் பொய் சொல்வதில்லை, திறந்து பார்க்காததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை அது அலுவலகங்களிடம் படித்ததா, தட்டியை மறைத்த என்னிடம் படித்ததா என்பதை மட்டும் எந்தச் சல்லடையாலும் என்னால் இன்னும் பிரித்தெடுக்க முடியவில்லை.